செம்பூரில் பாதியில் நின்ற பாட்டு: மும்பையில் நான்கு நாள்

இது நான் திட்டம் போட்டுப் போன பயணம் இல்லை. இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், முன்பதிவு இல்லாமல் நான் பக்கத்து ஊருக்குக்கூடக் கிளம்ப மாட்டேன். இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தாராவியிலிருந்து அக்கா அழைத்தாள்.

"எஸ்தரு, எப்படியாவது கிளம்பி வா. பெனி எமோ ஆயிட்டாளாம்."

"என்னவா ஆயிட்டா?"

"எமோ. சாவுறதுக்குன்னே ஒரு பாட்டுக் கூட்டமாம். ஃபோன்ல ஒருத்தர் பேசி அனுப்பியிருக்காரு. கறுப்புச் சட்டை, கண்ண மறைக்க முடி, மணிக்கட்டுல அகலமா ஒரு பட்டை. மூணும் இருந்தா புள்ளைய மறந்துர வேண்டியதுதானாம். இவகிட்ட மூணும் இருக்கு."

பெனி என்கிற பெனிட்டா என் அக்கா கிரேஸின் ஒரே மகள். வயது பத்தொன்பது. மாட்டுங்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கிதார் வாசிப்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத்தான் எழுத்துக்கூட்ட வேண்டும். என்னோடு மூன்று பயணங்கள் வந்திருக்கிறாள். வால்பாறையில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்த பெண். அக்காவிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குத் தட்கலில் ஸ்லீப்பர் கிடைத்தது, 1,015 ரூபாய். வியாழக்கிழமை காலை திருநெல்வேலியில் ஏறினேன்.

ரயிலில் முப்பத்தைந்து மணி நேரம். அந்த நேரம் முழுவதும் ஃபோனில் எமோவைத் தேடினேன். செய்திருக்கவே கூடாது. ஒரு பக்கத்தில் கண்மை வழியும் முகங்கள், இன்னொரு பக்கத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கைகள், வேறொன்றில் பிளேடு படங்கள். இசை என்ற சொல்லே எங்காவது மூலையில்தான் இருந்தது. குண்டக்கல் தாண்டிச் சிக்னல் போனபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

தாதரில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை மாலை 6.20. வெளியே மீட்டர் டாக்ஸி பிடித்தேன். தாராவி தொண்ணூறு அடிச் சாலைக்கு ஐந்து கிலோமீட்டர், நெரிசலில் நாற்பது நிமிடம், 124 ரூபாய். முன்பின் தெரியாதவர்கள் தாராவி என்று சொன்னால் சில டாக்ஸிக்காரர்கள் தயங்குவார்கள். சயான் பக்கம் என்று சொல்லி ஏறிக்கொள்ளுங்கள்.

அக்கா வீடு தோல் பை தைக்கும் ஒரு பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை. அத்தான் தேவராஜ் வந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் தோல் வெட்டும் வேலை பார்த்தவர். சென்ற ஆகஸ்டில் அழுத்தி வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. இப்போது அதே முதலாளியின் குர்லா கிடங்கில் பைகளில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. விபத்துக்குப் பிறகு நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. கையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துப் பேச முயன்றேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"பயணம் சவுரியமா?" என்றார்.

ஏழே முக்காலுக்குப் பெனி வந்தாள். கறுப்புச் சட்டை, நெற்றியை மூடிய முடி, இடது மணிக்கட்டில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அம்மாவைப் பார்த்தாள், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "தெனமும் ஆறு மணி ஆனா எங்கனயோ போயிருதா. ஏழரை எட்டுக்குத்தான் வாரா. எங்க போனன்னு கேட்டா சொல்லமாட்டுக்கா. அந்தப் பட்டைக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்க எனக்குத் தைரியம் இல்ல. நீ பாத்துச் சொல்லு."

அத்தான் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பெனியின் எழுத்து. தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். அவர் விரலால் காட்டிய வரியை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: நீ போனா நானும் இல்ல.

"எவனோ ஒருத்தன். அவன் போனா இவ இருக்கமாட்டாளாம்," என்றார். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழம செம்பூர்ல இவங்க கூட்டத்துக்குப் புரோகிராமாம். நானும் வாரேன். எல்லாரு முன்னாடியும் அந்தக் கிதார உடைக்கேன். அதுக்குப் பொறவு அழுதாலும் சரி, ஏசினாலும் சரி."

அன்றிரவு அந்த அறையில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பெனியோடு கிளம்பினேன். சயான் நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை, அங்கிருந்து மாட்டுங்கா அடுத்த நிலையம். டிக்கெட் ஐந்து ரூபாய், மூன்று நிமிடம். சயானில் படி ஏறும்போது பெனி பிளாட்பாரம் முழுவதையும் ஒரு முறை கண்ணால் துழாவினாள். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டேன். சும்மா என்றாள்.

மாட்டுங்கா கிழக்குப் பக்கம் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, இலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தெருவில் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் மைதிலியின் வீடு. பெனியின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள், கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவள். தாத்தா காலத்தில் ஆபீஸ் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் அம்மா கதவைத் திறந்து, "வாங்கோ, உள்ள வாங்கோ. காதுக்குப் பஞ்சு வேணுமா?" என்றுதான் வரவேற்றார். பின்னறையில் ஜன்னல்களை மறைத்துப் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டடத்துக்காரர்கள் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் அனுமதித்திருக்கிறார்களாம்.

மைதிலி காபி எடுக்கப் போன நேரத்தில் கேட்டுவிட்டேன். நாசூக்காகக் கேட்க எனக்கு வரவில்லை.

"பெனி, அந்தப் பட்டையக் கழட்டிக் காட்டு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சர்ரென்று பிரித்தாள். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கீறல் எதுவும் இல்லை. வெயில் படாமல் வெளுத்துப்போன தோல், ஓரத்தில் வேர்க்குரு. அவ்வளவுதான்.

"பாத்தாச்சா? வேர்வை கிதார் மேல வழியுதுன்னு கட்டியிருக்கேன். அம்மா கேக்கச் சொன்னாளா? அவ ஏன் கேக்கல, சித்தி? ஒரே ரூம்லதான இருக்கோம்?"

எனக்கு அழுகைதான் வந்தது, வெட்கமும் கூட. அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

காபியோடு வந்த மைதிலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எங்காத்துலயும் இதே கதைதான், ஆன்ட்டி. அம்மா மூணு மாசம் என் ரூம் கதவைத் தாழ் போட விடலை," என்றாள். எமோ என்றால் என்ன என்று அவளிடம் கேட்டேன். ரயிலில் முப்பத்தைந்து மணி நேரத்தில் கிடைக்காத பதில் அங்கே பத்து நிமிடத்தில் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில், வேகமும் கோபமுமாக ஒரு இசை இருந்தது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம், முழுவதும் கத்தல், எல்லாம் அரசாங்கத்தின் மேலும் போலீஸின் மேலும். கூட்டத்தில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வார்கள், மூக்கு உடையும். அந்தக் கூட்டத்திலேயே சில பையன்களுக்கு அது அலுத்துப்போனது. அதே வேகத்தை வைத்துக்கொண்டு தங்களைப் பற்றிப் பாட ஆரம்பித்தார்கள். நண்பன் விலகிப்போனது, பயமாக இருப்பது, தப்புச் செய்துவிட்டு வருந்துவது. மேடையிலேயே அழுதவர்களும் உண்டாம். மற்றவர்கள் கேலி செய்தார்கள், இது உணர்ச்சிவசப்பட்ட கத்தல் என்று. அந்தக் கேலியைச் சுருக்கி வந்த பெயர்தான் எமோ. அப்படிப் பாடியவர்களுக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

"அப்புறம் தொண்ணூறுகள்ல சின்னச் சின்ன ஊர்களுக்குப் போச்சு," என்றாள் மைதிலி. "கிதார்ல மீட்டுறதைக் குறைச்சு ஒவ்வொரு நரம்பா சுண்டி வாசிச்சா. கண்மை, முடி, கறுப்புச் சட்டை எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது, கடையில விக்கறதுக்கு. பேப்பர்காராளுக்கு அதுதான் கண்ணுல பட்டது. சட்டையைப் பாத்துட்டு எழுதிட்டா, பாட்டை யாரும் கேக்கலை."

"அப்ப நீங்க ஏன் கறுப்புச் சட்டை போடுறீங்க?"

"நல்லாருக்கு, அதான்," என்றாள் பெனி. முதல் முறையாகச் சிரித்தாள்.

வாசித்தும் காட்டினார்கள். பெனி கிதாரின் நரம்புகளை வழக்கமான சுருதியில் வைத்திருக்கவில்லை. விரலே வைக்காமல் சுண்டினாலும் ஒரு ராகம் போல விழுந்தது. மெல்ல, பேசுவது போலத் தொடங்கினாள். மைதிலியின் டிரம்ஸ் எங்கிருந்தோ ஓடி வந்து சேர்ந்துகொள்வது போல வந்தது. பிறகு பெனி கத்தினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது பிடித்துப்போயா, பயந்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது சாக விரும்புகிறவர்களின் சத்தம் இல்லை. யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"யாரக் கூப்பிடுற, பெனி?" என்று கேட்டேன். "நீ போனா நானும் இல்லன்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

மைதிலி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அப்பா," என்றாள் பெனி.

நவம்பரில் ஒரு மாலை கல்லூரியிலிருந்து சயானில் வந்து இறங்கியபோது அத்தானைப் பார்த்திருக்கிறாள். குர்லாவிலிருந்து வந்து இறங்கியவர் வெளியே போகாமல் நின்றுகொண்டிருந்தார். "மஞ்சக் கோட்டத் தாண்டி, சித்தி. ரொம்ப ஓரத்துல. மூணு லோக்கல் போச்சு. அவரு நகரல. சும்மா தண்டவாளத்தையே பாத்துட்டு இருந்தாரு. எனக்குக் காலே ஓடல. கூப்பிட்டா திடுக்குன்னு எதாவது ஆயிருமோன்னு பயம். படிக்கட்டுல நின்னு ஃபோன் அடிச்சேன். எடுத்துப் பாத்தாரு, கட் பண்ணாரு, வீட்டுக்கு நடந்துட்டாரு. வீட்டுல போய்ப் பாத்தா உக்காந்து சோறு சாப்பிடுதாரு. எப்பவும் போல."

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவள் போவது சயான் நிலையத்துக்குத்தான். அவர் இறங்கி வெளியே வரும்வரை படிக்கட்டில் நிற்பாள். பின்னாலேயே வீடுவரை நடந்து வந்து, அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று தெருவில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மேலே ஏறுவாள். இரண்டு மாதமாக. யாரிடமும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொன்னா அம்மா ஒடைஞ்சிருவா. அவருகிட்ட கேட்டா... கேட்டு, ஆமான்னு சொல்லிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்? அதான் பாட்டா எழுதினேன்."

நாளைக்கு அப்பா வருகிறார், அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமே என்றேன். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "அவரு கேக்கணும்னுதான் சித்தி இதெல்லாம்."

வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கீழே குழாயடியில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில். அவள் அலறவில்லை. நிரம்பி வழிந்த குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்னு சொல்லமாட்டேன்," என்றாள். "தெரியாதுன்னும் சொல்லமாட்டேன். அவரப் பத்திப் பயப்படுறதுக்குப் புள்ளையப் பத்திப் பயப்படுறது கொஞ்சம் லேசா இருந்துச்சு, எஸ்தரு."

இரண்டு பேரும் சேர்ந்து அவரிடம் கேட்பது என்று முடிவு செய்தோம். சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம் என்றோம், பிறகு காலையில் என்றோம். கேட்கவில்லை. அது எங்கள் தவறு. இதை வாசிக்கும் யாருக்கும் அந்தத் தவறு நேரக் கூடாது என்பதால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் ஆராதனை முடிந்து வந்தபோது இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பெனி முன்பே மைதிலியோடு போய்விட்டாள். "நான் வந்தா அங்கனயே அழுதுருவேன்," என்று அக்கா வீட்டில் இருந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பை வருகிறவர்கள் கவனிக்க: பராமரிப்புக்காக ஏதாவது ஒரு பகுதியில் மணிக்கணக்கில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். மெகா பிளாக் என்பார்கள். அன்று குர்லாவிலிருந்து வாஷி வரை 4.10 மணிவரை வண்டி இல்லை. செம்பூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. எனவே சயானிலிருந்து ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், 118 ரூபாய்.

"செம்பூர் மே கிதர்?" என்றார் ஓட்டுநர், செம்பூரில் எங்கே என்று.

"கேம்ப் கே பாஸ்," என்றார் அத்தான், கேம்ப் என்ற பகுதிக்குப் பக்கத்தில் என்று. குர்லா பாலத்தில் வண்டி நின்றபோது, வெளியே பார்த்தபடியே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் பாட்டுத்தான் பெரிசு. புள்ள இல்லன்னா பாட்டா வந்து நிக்கும்?"

அதுதான் சமயம். தொண்டைவரை வந்தது. "அத்தான், நீங்க எப்படி இருக்கிய?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கென்ன," என்றார்.

நிகழ்ச்சி நடந்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. மற்ற நாட்களில் நாட்டிய வகுப்பு நடக்கும் கூடம்; அதனால் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். நுழைவு இருநூறு ரூபாய். நாற்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மூன்று மணிக்குத் தொடங்கியது. அத்தான் கடைசியில், கதவை ஒட்டி நின்றார். வலது கை சட்டைப் பைக்குள். அவர் எந்த நொடியில் முன்னால் பாய்வார் என்று அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு ஆங்கிலம், இரண்டாவது ஹிந்தி. அவர் நகரவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு முன் பெனி கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள். கிதாரை மெல்லச் சுண்டினாள்.

மூணு வண்டி போச்சு, நீ நகரல.
படிக்கட்டுல நான் நிக்கேன், நீ பாக்கல.
நாலாவது வண்டிக்கு முன்னால அடிச்சேன்,
கட் பண்ணிட்ட, நடந்துட்ட, சோறு தின்ன.
நீ போனா நானும் இல்ல.

பிறகு கத்தினாள். வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்ற இரண்டே சொற்கள், திரும்பத் திரும்ப. தமிழ் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் அத்தான் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரத்தம் இறங்கிப்போய் வெளுத்திருந்தது.

"பாத்தாளா?" என்றார் என்னிடம். "இவ அன்னிக்கி அங்கனயா நின்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

பின்னாலேயே ஓடினேன். வாசலில் நாற்பது பேர் செருப்பு. என்னுடையது கண்ணில் படவில்லை. வெறுங்காலோடு இறங்கினேன். மேலே பாட்டு பாதியில் நின்றது, போட்டுவிட்டு வந்த கிதார் மட்டும் ஒலிபெருக்கியில் தனியாக ஊளையிட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தாள் பெனி. தெருவில் இருபுறமும் பார்த்தோம், அவர் இல்லை. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பழக்கடைக்காரர் ஒருவர் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

செம்பூர் நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடை. நாங்கள் எவ்வளவு நேரத்தில் போனோம் என்று தெரியாது. வழியெல்லாம் பெனி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு ஓடினாள், அப்பா, அப்பா என்று, மூச்சுக்கு மூச்சு. மெகா பிளாக் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்திலேயே இல்லை. பாலத்தில் ஏறி இரண்டு பிளாட்பாரத்தையும் பார்த்தோம். ஆளே இல்லை. பிறகு கூரைத் தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் அவர் சட்டை தெரிந்தது.

பெனி அவரிடம் போகவில்லை. அவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள், இரண்டு கையையும் விரித்து.

"எதுக்குட்டி அங்கன நிக்க?" என்றார் அத்தான். "இங்கன வா. வண்டி எதுவும் வராது. பிளாக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் நானும் இங்க வந்தேன். வேற எங்க போய் உக்கார? ரோட்டுல நின்னு அழ முடியுமா?"

அவள் கைகள் தாழ்ந்தன. போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்டேன், இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதை: "அத்தான், சாகணும்னு நெனைச்சியளா?"

சட்டைப் பையிலிருந்து கையை வெளியே எடுத்து மடியில் வைத்தார்.

"சாகணும்னு இல்ல," என்றார். "இருக்கணும்னும் இல்ல. அந்த நேரத்துக்கு அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் சில நாள் வரும்."

"ஏம்பா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நீ ஏன் கேக்கல?"

"கேட்டேன்ல," என்றாள் பெனி. தொண்டை கட்டியிருந்தது. "நோட்டு பூரா கேட்டிருக்கேன். நீங்க வேற எவனோன்னு நெனைச்சீங்க."

அவர் அழுதார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்க. இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. பெனி அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கையை யாரையும் தொட விட்டதில்லை என்று பிறகு அக்கா சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாதியிலயா விட்டுட்டு வந்த? போய் முடிச்சிட்டு வா," என்றார். "வேண்டாம், வீட்டுக்குப் போவோம்," என்றாள். முதல் வண்டி வரும் அறிவிப்புக் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். மைதிலி கிதாரையும் என் செருப்பையும் மறுநாள்தான் கொண்டு வந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு நான்கு பேரும் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்தோம். கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு பத்து ரூபாய். மூன்று மணி நேரக் காத்திருப்பு. பத்தரை மணிக்கு அத்தான், "போதும், போவோம்," என்று எழுந்தார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள். இளம் வயது மருத்துவர், ஹிந்தியில் நேராகவே எல்லாம் கேட்டார். மாத்திரை கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், அதுவரை தனியாக விட வேண்டாம் என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. அந்த இரண்டு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்; மாலை ஆறு மணிக்குப் பெனி இன்னும் சயானுக்குப் போகிறாள். இப்போது படிக்கட்டில் ஒளிந்து நிற்பதில்லை, அவ்வளவுதான் மாற்றம். இருவரும் சேர்ந்து நடந்து வருகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றையும் சுற்ற சயான் பக்கம் தங்குவது வசதி. ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் முன் மெகா பிளாக் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் இலைச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்குள் போனால் வரிசை இருக்காது. இப்படிச் சின்ன இசை நிகழ்ச்சிகளுக்குப் போனால் காதுக்குப் பஞ்சு அவசியம், வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் கட்டாயம். உங்கள் வீட்டுப் பிள்ளை கறுப்புச் சட்டை போட்டால் ஃபோனில் தேடாதீர்கள், என்ன பாட்டு கேட்கிறாய் என்று கேளுங்கள். யாரைப் பற்றியாவது பயமாக இருந்தால், சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று அந்த மருத்துவர் சொன்னார். பிறகு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அன்றைக்கே.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பியபோது தாதர் வரை அத்தான் வந்தார், துணைக்குப் பெனியும். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, இறங்கி ஜன்னலருகே நின்றார். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது.

"எஸ்தரு, இந்த எமோங்கிறதுக்குத் தமிழ்ல என்ன?"

"தெரியல அத்தான். ஒப்பாரி மாதிரின்னு வச்சுக்கலாமோ?"

அவர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல. ஒப்பாரி ஆள் போன பொறவு பாடுறது," என்றார். "இது ஆள் இருக்கும்போதே பாடுறது."